காணும் பொங்கலுக்கு ஒரு கலகலப்பான விருது விழா: நம் அரசியல்வாதிகளில் யாருக்கு எந்த விருது?

தென்காசி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் சிறிய வாசகர் வட்டம் ஒன்று நடத்திவருகிறோம். மாதம் ஒரு ஞாயிறு, பதினைந்து இருபது பேர், சுக்குக் காப்பி, ஒரு புத்தகம். இந்த முறை காணும் பொங்கல் மாலையில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு விருது விழா நடத்துகிறோம். விருது பெறுபவர்கள் நம் மாநில அரசியல்வாதிகள். அவர்கள் யாரும் நேரில் வரப்போவதில்லை. ஒவ்வொருவர் சார்பிலும் எங்களில் ஒருவர் எழுந்துபோய் விருதை வாங்கி, அந்தத் தலைவரைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். பரிசு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை.

இந்த எண்ணம் பேத்தியால் வந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்காகக் காமராஜரைப் பற்றி நான்கு பக்கம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான்கு பக்கமும் அடைமொழிகள். பாதியில் நிறுத்திவிட்டு, "ஆச்சி, இவர் வீட்டில் எப்படிப் பேசுவார்?" என்று கேட்டாள். யார் என்ன கோரிக்கையோடு வந்தாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பதுதான் அவர் வாயில் முதலில் வரும் பதில் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த ஒரு வாரம் வீட்டில் பாத்திரம் கழுவச் சொன்னாலும் கடைக்குப் போகச் சொன்னாலும் அதே பதில்தான். அந்தப் பதிலோடு நிறுத்தாமல் அவர் பள்ளிகளைத் திறந்ததையும் மதிய உணவு போட்டதையும் அவளாகவே தேடிப் படித்தாள். மனப்பாடம் செய்த நான்கு பக்கத்தால் நடக்காதது சிரித்த ஒரு நிமிடத்தில் நடந்தது.

நிபந்தனைகள் மூன்று. சொல்லும் செய்தி உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். யார் மனமும் புண்படக் கூடாது. இன்றும் தேர்தல் களத்தில் நிற்பவர்கள் வேண்டாம். அவர்களுக்குக் கொடுத்தால் விழா கட்சிக் கூட்டமாகிவிடும்.

முதல் விருதை நானே அறிவித்துவிடுகிறேன். "ஆகட்டும் பார்க்கலாம்" விருது, காமராஜருக்கு. மற்றவற்றை நீங்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம் வாசகர்

அருமையான யோசனை டீச்சர். "ஒரு பாடத்திலும் தோற்காதவர்" விருது கலைஞர் கருணாநிதிக்கு. 13 சட்டமன்றத் தேர்தல்களில் நின்று 13லும் வென்றவர். 1957இல் குளித்தலை, 1962இல் தஞ்சாவூர், பிறகு சைதாப்பேட்டை இரண்டு முறை, அண்ணா நகர் இரண்டு முறை, துறைமுகம் இரண்டு முறை, சேப்பாக்கம் மூன்று முறை, கடைசியாகத் திருவாரூர் இரண்டு முறை. பையில் துணிமணியை எடுத்துக்கொண்டு மாநிலத்தையே சுற்றி வந்தது போல இருக்கிறது இந்தப் பட்டியல். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1991. அவருடைய கட்சியே கரைந்துபோன அந்தத் தேர்தலில் துறைமுகத்தில் 890 வாக்கு வித்தியாசத்தில் கரையேறினார். எங்கள் வீட்டில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார் அப்பா.

அதோடு அவர் பதவியை விட்டு விலகிவிட, அவையில் தி.மு.க. சார்பில் சில காலம் தனியாக நின்றவர் எழும்பூரில் வென்ற பரிதி இளம்வழுதி. எதிர்வரிசையில் ஒற்றை ஆளாக நின்றதற்கு அவருக்கும் ஒரு பொம்மை கொடுங்கள்.

வெட்டவெளி

மன்னிக்கவும், எனக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் வார்டில் மழைநீர் வடிகால் தோண்டிப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. என் அம்மா அதில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கேட்கப் போனால் ஆளுக்கொரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். இவர்களுக்குப் பொம்மை கொடுத்துச் சிரிக்க வேண்டும் என்கிறீர்கள். நம் மாநிலத்தில் பட்டங்களுக்கா பஞ்சம்? சுவரெல்லாம் பட்டம்தான்.

தென்காசி டீச்சர்

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள் தம்பி.

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் குழியை மூடச் சொல்லி எழுத வேண்டிய மனுவை நானே எழுதித் தருகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் இந்த விழா உங்கள் வார்டில் கைகாட்டியவர்களுக்காக இல்லை. சுவரில் எழுதும் பட்டத்தைத் தருகிறவர் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துத் தருகிறார். இங்கே தருகிறவர்களுக்கு எதிர்பார்ப்பு இல்லை, பெறுகிறவர்களுக்கும் ஆதாயம் இல்லை. எப்படிப்பட்டவர்கள் எல்லாம் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால்தானே, வடிகாலை மூடாதவரைப் பார்த்து அவர்கள் நாளைக்குக் கேள்வி கேட்பார்கள்?

வெட்டவெளி

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, டீச்சர். விசாரித்ததற்கு நன்றி. மனுவை எழுதித் தாருங்கள். விழாவைப் பற்றி இன்னும் எனக்கு முழுச் சம்மதம் வரவில்லை. படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஈரோட்டு மருமகன்

டீச்சர், தலைவர்களுக்கு மட்டும்தானா? ஒரே தொகுதியில் நின்ற 1,033 பேருக்குச் சேர்த்து ஒரு விருது கொடுக்க முடியுமா?

மொடக்குறிச்சி, 1996. தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதால் விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனு தாக்கல் செய்தார்கள். அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். ஒரு மூட்டை நெல் விற்றால் ஒரு வேட்பாளர். கடைசியில் களத்தில் 1,033 பேர். வாக்குச்சீட்டு, சீட்டாக இல்லாமல் புத்தகமாக அச்சாயிற்று. தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அவருக்கும் ஒரு பொம்மை தர வேண்டும். ஆயிரத்து முப்பத்திரண்டு பேரைத் தோற்கடித்த வேட்பாளர் வேறு எங்கே இருக்கிறார்?

எங்கள் மாமனார் அந்த 1,033 பேரில் ஒருவர். 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை, 158 பேருக்கு ஒரே ஒரு வாக்கு விழுந்தது. மாமா அந்த 158 பேரில் சேர்ந்தவர். இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் குடும்பத்தில் தீராத வழக்கு ஒன்று உண்டென்றால் அது அந்த ஒரு வாக்கு யாருடையது என்பதுதான். "என் பேரை நானே தேடிப் பிடித்துக் குத்தினேன்" என்பார் மாமா. "கண்ணாடி இல்லாமல் போனீர்களே, அந்தப் புத்தகத்தில் உங்கள் பெயரை நீங்கள் எங்கே கண்டுபிடித்தீர்கள்? குத்தியது நான்" என்பார் அத்தை. இரண்டும் உண்மையென்றால் இரண்டு வாக்கு விழுந்திருக்க வேண்டும். விழுந்தது ஒன்று. அப்படியானால் இருவரில் ஒருவர் வேறு யாருக்கோ குத்தியிருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி இந்த இடம் வந்ததும் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அந்தத் தேர்தலுக்குப் பிறகுதான் டெபாசிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. எங்கள் மாமனாரைப் போன்றவர்களால் நாட்டின் தேர்தல் சட்டமே மாறியது என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

புதுவைக் கடற்கரை

ஈரோட்டு அண்ணா, படித்துவிட்டு அலுவலகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கட்டாயம் கொடுக்க வேண்டும் டீச்சர்.

தென்காசி டீச்சர்

கொடுத்தாகிவிட்டது. "ஆயிரத்தில் ஒருவர்" விருது. மாமாவையும் அத்தையையும் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆண்டிபட்டிப் பையன்

"ஊருக்கு வராமலே வென்றவர்" விருது எம்.ஜி.ஆருக்கு. 1984 தேர்தலில் எங்கள் ஆண்டிபட்டித் தொகுதியின் வேட்பாளர் அவர். ஆனால் அவர் அப்போது அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். ஒரு நாள்கூடப் பிரசாரத்துக்கு வரவில்லை. மருத்துவமனையில் எடுத்த படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்து மணலில் பாட்டியின் மடியில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் அவர் கையசைத்ததும் பாட்டியும் கையசைத்தார். ஏழு கடல் தாண்டி இருப்பவருக்கு இங்கிருந்து கையசைத்தால் தெரியுமா என்று கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

1967இலும் அவருக்கு இப்படித்தான். ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் காயம். கட்டுப்போட்ட படம்தான் சுவரொட்டி. பரங்கிமலையில் வென்றார். இரண்டு தேர்தலை மருத்துவமனையிலிருந்தே வென்றவர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

விருதுநகர் பேரன்

எல்லோரும் வென்றவர்களைச் சொல்கிறீர்கள். தோற்றவர்களுக்கு விருது உண்டா டீச்சர்? நீங்கள் பொம்மையைச் சொன்னதும் எனக்கு அதுதான் தோன்றியது. தள்ளிவிட்டால் சாய்ந்து, தானே நிமிர்கிற பொம்மை. அது தோற்றவர்களுக்குத்தானே பொருத்தம்?

1967இல் எங்கள் ஊரில் காமராஜர் தோற்றார். தோற்கடித்தவர் தி.மு.க.வின் பெ.சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்த இளைஞர். வித்தியாசம் 1,285 வாக்கு. எங்கள் தாத்தாவுக்கு மிளகாய் வற்றல் கமிஷன் கடை. கடையில் கல்லாவுக்கு நேர் எதிரே காமராஜர் படம் மாட்டியிருக்கும். காலையில் கடை திறந்ததும் அந்தப் படத்தைத் துண்டால் துடைப்பது தாத்தாவின் வழக்கம். வற்றல் நெடி ஏறி ஏறிக் கண்ணாடியில் ஒரு செம்மஞ்சள் படலம் படிந்துவிடும். படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதத்தில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: அந்தத் தேர்தலில் அவர் வாக்களித்தது சீனிவாசனுக்கு. அரிசி விலையின் மேல் இருந்த கோபம். தோற்பார் என்று நினைக்கவில்லை, ஒரு குட்டு வைப்போம் என்றுதான் குத்தினாராம். பாட்டிக்குக்கூட அதுவரை சொன்னதில்லை. அதற்குப் பிறகும் முப்பது வருடம் தினமும் அந்தப் படத்தைத் துடைத்திருக்கிறார்.

காமராஜர் அதோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனார். அண்ணாவும் 1962இல் சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே தோற்றவர்தான். ஐந்தே ஆண்டில் முதலமைச்சர் ஆனார். காமராஜர் தோற்ற செய்தி வந்தபோது வென்ற கட்சியின் தலைவரான அண்ணா அதற்காக வருந்தினார். இவர்கள் இருவருக்கும் ஒரே பொம்மையாகக் கொடுங்கள். "சொந்த ஊரில் தோற்றவர்" விருது.

கும்பகோணம் வாசகர்

தம்பி, உங்கள் தாத்தாவை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அண்ணாவும் காமராஜரும் ஒரே பொம்மையைப் பகிர்ந்துகொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. 1954இல் முதலமைச்சரான காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது தி.மு.க. அவரை ஆதரித்தது. "குலக்கொழுந்தே, குணாளா" என்று அண்ணா அவரை அழைத்து எழுதினார். எதிர்க்கட்சிக்காரரை இப்படி அழைத்த எழுத்து இன்று வந்தால் கட்சிக்குள் விளக்கம் கேட்பார்கள்.

காமராஜரும் அதே அச்சில் வார்த்தவர்தான். அந்த ஆண்டு சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம். அவரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்றதும் இருவரையும் தன் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார் காமராஜர். நிதியையும் கல்வியையும் சி.எஸ். கையில் கொடுத்தார். எங்கள் ஊர் கோயில் அறங்காவலர் தேர்தலில்கூட எதிர்த்து நின்றவருக்குப் பிரசாதப் பொட்டலம் கொடுக்க மாட்டார்கள்.

சுருக்கெழுத்து

அண்ணா பெயர் வந்ததால் சொல்கிறேன். அவையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், "யுவர் டேஸ் ஆர் நம்பர்டு" என்று சொன்னபோது, "மை ஸ்டெப்ஸ் ஆர் மெஷர்டு" என்று அண்ணா பதில் சொன்னதாக நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தோமே, அதற்கு ஒரு விருது?

தென்காசி டீச்சர்

ஐயா, அந்தப் பதிலை நானும் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கு என்ன நாள், எந்த விவாதம்? பேரவைக் குறிப்பில் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது சொன்னால் உடனே சேர்த்துவிடுகிறேன். அதுவரை காப்பி நேரத்தில் சொல்லும் கதைகளில் அது இருக்கட்டும்.

சுருக்கெழுத்து

சரிதான். நான் ஒரு மாலை நாளிதழில் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டங்களில் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுப்பது என் வேலை. கோபப் பேச்சை எடுப்பது எளிது. கை தானாக ஓடும். நகைச்சுவைப் பேச்சுதான் கடினம். சிரித்தால் பென்சில் நின்றுவிடும், அடுத்த வரி போய்விடும். அப்படி என் பென்சிலை அடிக்கடி நிறுத்தியவர் மதுரை நன்மாறன். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், 2001லும் 2006லும் மதுரை கிழக்குத் தொகுதியில் வென்றவர். "மேடைக் கலைவாணர்" என்று மக்கள் அவருக்கு வைத்த பெயர் பொருத்தமானது. யாரையும் வையாமல், ஒருமையில் விளிக்காமல், ஒரு மணி நேரம் ஒரு மைதானத்தையே சிரிக்க வைப்பார். என் குறிப்பேட்டில் அவருடைய கூட்ட நாள்களில் மட்டும் பாதிப் பக்கம் காலி. ஆசிரியர் திட்டுவார்.

இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போய்வந்தார். 2021இல் குடிசை மாற்று வாரிய வீடு ஒன்று கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும் நிலையில்தான் இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மதுரை அரசு மருத்துவமனையில் காலமானார். இவருக்கு விருது இல்லாமல் இந்த விழா நடந்தால் நான் வர மாட்டேன்.

வெட்டவெளி

நன்மாறனுக்குக் கொடுங்கள். நான் மதுரையில் படித்தவன். அவர் கூட்டம் என்றால் நாங்கள் விடுதியிலிருந்து நடந்தே போவோம், கட்சியைப் பார்த்துப் போனதில்லை. டீச்சர், இந்த விருதை அவர் சார்பில் வாங்க யாரும் இல்லையென்றால் நான் தென்காசிக்கு வருகிறேன்.

தென்காசி டீச்சர்

உங்கள் பெயரை எழுதிக்கொண்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கலாம்.

மேலூர்க்காரர்

எளிமை என்று பேச்சு வந்துவிட்டதால் அடுத்து யாராவது கக்கன் பெயரைச் சொல்வீர்கள். அதற்கு முன்பே கேட்டுக்கொள்கிறேன், அவருக்கு இந்த விருது வேண்டாம்.

அவர் பிறந்த தும்பைப்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர். காமராஜர், பக்தவத்சலம் இருவர் அமைச்சரவையிலும் இருந்தவர். பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை என்று பெரிய பொறுப்புகள். வைகை அணை அவர் காலத்தில் எழுந்தது. அப்படிப்பட்டவர் பதவி போன பிறகு மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் படுத்திருந்தார். வேறு ஒருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தற்செயலாக அவரைப் பார்த்து அதிர்ந்துபோனார் என்பது ஊரறிந்த செய்தி. 1981 டிசம்பரில் இறந்தார். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லும்போது இன்றும் பெரியவர்கள் குரல் தாழ்த்துவார்கள். அவர் எளிமையாக வாழ்ந்தார் என்று நாம் பாராட்டுவதற்குள், அவரை அந்த நிலைக்கு விட்டவர்கள் நாம் என்ற உறுத்தல் வர வேண்டும். கலகலப்பான மேடையில் அது வராது.

புதுவைக் கடற்கரை

மேலூர் அண்ணா, நன்மாறன் ஐயாவின் கதையும் கிட்டத்தட்ட அதுதானே?

மேலூர்க்காரர்

இல்லை அம்மா. நன்மாறன் ஊரையே சிரிக்க வைத்தவர். சிரிப்போடு அவரை நினைத்தால் அவருக்கே பிடிக்கும். கக்கன் அதிர்ந்து பேசாத மனிதர்.

தென்காசி டீச்சர்

மேலூர் ஐயா சொல்வது சரி. என் பட்டியலில் கக்கன் பெயர் மூன்றாவதாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

புதுவைக் கடற்கரை

எங்கள் புதுச்சேரியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். "இளங்கன்று" விருது எம்.ஓ.எச்.பாரூக் அவர்களுக்கு. 1967இல் முதலமைச்சர் ஆனபோது வயது 29. நம் வீடுகளில் 29 வயதுப் பிள்ளையை நம்பிப் பந்திப் பொறுப்பைக்கூடக் கொடுப்பதில்லை.

முதல்வராக இருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றிய ரங்கசாமியைச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் டீச்சரின் மூன்றாவது நிபந்தனை தடுக்கிறது.

இன்னொன்று. இதுவரை வந்த பட்டியலில் வாக்கு எண்ணிக்கையோடு வந்த சுப்புலட்சுமி அக்காவைத் தவிரப் பெண்களே இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் போனார். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண். அதோடு அந்த அவையின் துணைத் தலைவராகவும் ஆனார். அத்தனை ஆண்கள் மத்தியில் மேடை நாற்காலியில் போய் உட்கார்ந்த அந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் ஒரே பெண்ணாகப் பாலிடெக்னிக் படித்தவள் நான். முதல் நாள் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் கதவருகே நின்றுகொண்டே இருந்தேன். "முதலில் போய் உட்கார்ந்தவர்" விருது அவருக்கு. அதை நான் வாங்குகிறேன்.

ஆண்டிபட்டிப் பையன்

ஜானகி அம்மாவையும் சேருங்கள். 1988 ஜனவரியில் 24 நாள் முதலமைச்சர். தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் அவர்தான் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. வினாடி வினாவில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் தவறாகச் சொல்வார்கள். அ.தி.மு.க. தலைமை அலுவலகம் இருக்கும் இடமும் அவர் கொடுத்தது. நாள்கள் குறைவு, கொடுத்தது நிறைவு.

முதல்வர் நாற்காலியை மூன்று முறை ஏற்றுத் திரும்ப ஒப்படைத்த ஓ.பன்னீர்செல்வம் எங்கள் மாவட்டத்துக்காரர். "ஒப்படைப்பு" விருது என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

தென்காசி டீச்சர்

மூன்றாவது நிபந்தனை தம்பி.

சுருக்கெழுத்து

அப்படியானால் காட்பாடி துரைமுருகனும் இல்லை. அவையில் அவர் எழுந்தால் எதிர்வரிசையும் சிரிக்கும். ராதாபுரத்தில் 2016இல் 49 வாக்கிலும், தியாகராய நகரில் 2021இல் 137 வாக்கிலும் முடிந்த போட்டிகளும் இல்லை. 49 பேர் என்பது ஒரு பந்திக்குக்கூடக் காணாது. போகட்டும், இன்னொரு ஆண்டு பார்க்கலாம்.

மேட்டூர் பத்மராஜன்? டயர் கடைக்காரர். 1988 முதல் கண்ணில் பட்ட தேர்தலில் எல்லாம் நின்று இருநூறு முறைக்கு மேல் தோற்றவர். பிரதமர்களையே எதிர்த்து நின்றவர். களத்தில்தான் இருக்கிறார், ஆனால்...

விருதுநகர் பேரன்

தலையாட்டி பொம்மையை அவருக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? அவர் தோற்பதற்கென்றே நிற்கிறவர். அவருக்குக் கொடுத்தால் எந்தக் கட்சிக் கூட்டம் கூடிவிடும்? 2011இல் மேட்டூரில் அவருக்கு ஆறாயிரத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. அன்றைக்கு அவருக்கே திக்கென்று இருந்திருக்கும்.

தென்காசி டீச்சர்

அவருக்காக மட்டும் நிபந்தனையைத் தளர்த்துகிறேன்.

கும்பகோணம் வாசகர்

நான் கேட்க நினைத்து விட்டுப்போன ஒன்று: பேராசிரியர் அன்பழகன். கலைஞரைவிட ஒன்றரை வயது மூத்தவர். 1922 டிசம்பரில் பிறந்தவர், 1924 ஜூனில் பிறந்தவரைத் தலைவராக ஏற்று, 1977 முதல் 2020இல் மறையும்வரை கட்சியின் பொதுச் செயலாளர். நாற்பத்து மூன்று வருடம். அண்ணன் தம்பிக்குள்ளேயே தம்பி சொல்வதை அண்ணன் கேட்கிற வீடு அபூர்வம். "அண்ணன் தம்பி" விருது. கும்பகோணத்தில் எங்கள் கடையை நானும் தம்பியும் பதினோரு வருடம்தான் சேர்ந்து நடத்தினோம். அதன் பிறகு நடுவில் சுவர். பொங்கலன்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டு வரலாமா என்று பார்க்கிறேன்.

மேலூர்க்காரர்

கூப்பிடுங்கள். அவர் வருவார்.

சுருக்கெழுத்து

கடைசியாக ஒன்று. விருது விழா என்று இவ்வளவு பேசுகிறோம்; விருது வாங்கும் விதத்துக்கே ஒரு விருது வேண்டாமா? தமிழ்நாடு அரசின் "தகைசால் தமிழர்" விருது 2021இல் என்.சங்கரய்யாவுக்குக் கிடைத்தது. 10 லட்ச ரூபாயையும் முதலமைச்சர் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு நல்லகண்ணுவுக்கு. அவர் அந்த 10 லட்சத்தோடு தன் கையிலிருந்து 5,000 ரூபாய் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த 5,000 ரூபாயைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மொய் வைக்கும்போது நூற்றோடு ஒரு ரூபாய் சேர்த்து வைப்போமே, அது போல.

தென்காசி டீச்சர்

"மொய்" விருது இருவருக்கும். ஐயா, இதை நீங்களே வாங்குங்கள். பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஈரோட்டு மருமகன்

டீச்சர், நேற்று இரவு வீட்டில் சொன்னேன். மாமா வருகிறார். ஈரோட்டிலிருந்து தென்காசிக்கு இரவுப் பஸ்ஸில் டிக்கெட் போட்டாகிவிட்டது. வேட்பாளர் என்ற முறையில் விருதைத் தான்தான் வாங்க வேண்டும் என்கிறார். வாக்காளர் என்ற முறையில் தான்தான் வாங்க வேண்டும் என்று அத்தையும் வருகிறார். ஒரே பொம்மை என்றால் திரும்பி வரும் வழியில் என் பாடு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

தென்காசி டீச்சர்

இரண்டு பொம்மை சொல்லியிருக்கிறேன்.